மாதாவின் டீசல்

பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். இதனால் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. செத்த வீட்டில் சிரித்திருக்கிறேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரரின் துவக்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அன்று நான் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை தேநீரைத் தன் வெள்ளைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். ஆனாலும் துணிந்து கட்டிக்கொண்டார், பாவம். ஆகவே, இப்போது மருத்துவிச்சிப் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து, "மிஸி, அந்தக் கஷ்ட காலத்தையெல்லாம் விசுவாசத்தோட எப்பிடித் தாண்டின நீங்க எண்டு எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க" என்று கேட்டபோதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உருக்கமாக ஏதோ எதிர்பார்க்கிறார்கள். உருக்கம் வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் பிள்ளைகளே. என்னிடம் இருப்பது ஓர் உழவு மெசினும் அதில் ஏறிய ஒரு மாதாவும்தான்.

நான் பிலோமினா. பிறந்ததும் ஓய்வெடுத்து உட்கார்ந்திருப்பதும் தன்னாமுனையில். நடுவில் இருந்த காலமெல்லாம் அரசாங்க மருத்துவிச்சி, ஊர் வாயில் 'மிஸி'. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நிறையப் படித்தோம், அதைவிட நிறையத் தூங்கி வழிந்தோம். வேலையை எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பரமேஸ் சிஸ்டர்தான். சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள். நெற்றி நிறையத் திருநீறும் அதற்கு நடுவே காசளவு பொட்டுமாக இருக்கும் தாதிச் சிஸ்டர்.

அவர் ஒரு தாயின் வயிற்றைத் தொட்டு நான் பார்த்தது குறைவு. எங்களைத் தொட வைத்துவிட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும். விரல் நுனியால் குத்தக் கூடாது, கையைப் பரப்பி வைக்க வேண்டும். கண் வயிற்றில் இருக்கக் கூடாது, தாயின் முகத்தில் இருக்க வேண்டும். அப்புறம் பின்னாலிருந்து கேள்வி வரும்.

"தலை எங்க?"

"கீழ இரிக்கிற போல சிஸ்டர்."

"போலயோ? புள்ள பொறந்தாப் பிறகும் போலதானோ? இன்னொருக்காப் பாத்துச் சொல்லு."

'போல' என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் இரண்டாம் தரம் சொன்னதில்லை. என் சிரிப்பையும் அவர் அதிக நாள் பொறுக்கவில்லை. ஒரு கடினமான பேற்றில் நான் பயந்து கிக்கிக்கென்று சிரித்தபோது காதருகே வந்து சொன்னார்: "சிரிக்கிறதெண்டா வாயால சிரி. கையால சிரிக்காத." கை நடுங்குவதைத்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து என் வாய் அதன்பாட்டுக்கும் கை அதன்பாட்டுக்கும் வேலை செய்யப் பழகிவிட்டன.

ஒவ்வொரு தாயையும் தொடுமுன் சின்னதாக ஒரு குருசு அடையாளம் போடுவது என் வழக்கம். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலை, தேநீரைச் சட்டையில் ஊற்றிய என் மனிசனை அது கொண்டுபோனது. அதற்கு நான் சிரிக்கவில்லை. வேலைக்குத் திரும்பியபோது குருசு போடுவதை விட்டுவிட்டேன். சிஸ்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் இப்ப குருசு போடுறல்ல?"

"கோவம் சிஸ்டர்."

"ஆரோட?"

"அவரோடதான்." மேலே காட்டினேன்.

"கோவம் இரிக்கட்டும். அது உனக்கும் அவருக்கும் உள்ள கதை. ஆனா குருசு போட்டிட்டுத் தொடு. பழகின கை. ஒழுங்கு மாறினா நடுங்கும்."

சைவக்காரியின் உத்தரவுக்குப் பயந்துதான் நான் திரும்பவும் குருசு போட்டேன். மனம் முறுக்கிக்கொண்டு நின்ற மாதங்களில் கை மட்டும் தனியாகச் செபித்துக்கொண்டிருந்தது. பிறகு எந்தப் பேற்றில், எந்தக் குழந்தை அழுதபோது என்று எனக்கே தெரியாது, மனமும் மெல்ல வந்து கையோடு சேர்ந்துகொண்டது. விசுவாசம் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சுவாமிமார் இதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இனி மெசின் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாட்டில் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை என்று ஆனதே, அந்த வருடம். அப்போது எனக்குக் கரடியனாற்றுக்கு உள்ளே, வயல் வட்டைகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னக் கிராமத்தில் வேலை. ஸ்கூட்டரைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுத் திரும்பவும் சைக்கிளுக்கு வந்தேன். ஓய்வெடுக்கிற வயதில் சைக்கிளில் ஏறினால் இறங்கத் தெரியாது. வேலிகளில் சாய்ந்துதான் இறங்கினேன். ஊர் நாய்களுக்கு என்மேல் இருந்த மரியாதை முழுவதும் அந்த மாதத்தோடு போயிற்று.

அந்த ஊரில் கார்மேல் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ஆடியில் திருநாள். மாலையில் மாதாவின் சுருவத்தை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றி, சோடித்து, ஊரைச் சுற்றிப் பவனி வருவார்கள். கொரோனா வந்து இரண்டு வருடம் மாதா வெளியே வரவில்லை. இந்த முறை டீசல் இல்லாவிட்டாலும் பவனி நிற்கக் கூடாது என்று ஊர் நேர்த்தி வைத்துவிட்டது. ஒருவர் தண்ணீர்ப் பம்பியிலிருந்து ஒரு போத்தல், ஒருவர் நெல் வெட்டு மெசினின் அடித் தாங்கியிலிருந்து ஒரு டம்ளர் என்று ஊற்றி ஊற்றி ஒரு கான் நிறைந்திருந்தது. அதைப் பீடத்துக்குப் பின்னால் வைத்துக் காவல் காத்தவர் கோயில் மூப்பர் சவிரியான். மூப்பர் சிரித்து யாரும் கண்டதில்லை. ஈஸ்டர் பாஸ்காவில்கூட மனிதன் பெரிய வெள்ளி முகத்தோடுதான் நிற்பார்.

திருநாளன்று காலை வசந்தியின் மாமி தலைவிரிகோலமாக ஓடிவந்தார். வசந்தி என் பொறுப்பில் இருந்த கர்ப்பிணி. முதல் பிள்ளை வயிற்றை வெட்டி எடுத்தும் தங்கவில்லை. இதுதான் இரண்டாவது. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் அந்த வாரம் போய்ப் படுக்க வேண்டியவள். அவளைக் கொண்டுபோகப் பெற்றோல் எடுக்கவென்று புருஷன் யோகன் மோட்டார் சைக்கிளோடு ஏறாவூருக்குப் போய் வரிசையில் நிற்கிறான். அதற்குள் வலி துவங்கிவிட்டது.

அவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கையைச் சூடாக்கினேன், குருசு போட்டேன், தொட்டேன். வயிற்றின் மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. தலை வலப்பக்கத்தில், இடுப்புக்கு மேலே பந்துபோல உருண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. போல அல்ல, குறுக்கேதான். குழலை வைத்துக் கேட்டேன். பிள்ளையின் நெஞ்சு நன்றாக அடித்தது. குறுக்கே கிடக்கும் பிள்ளை வழியால் வராது. ஒப்பரேசன் இல்லாவிட்டால் பழைய தையல் கிழியும், தாயும் போவாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மிஸி சிரிக்கிறீங்க? நல்லா இரிக்கா?" என்றாள் வசந்தி.

"ஓம் மகள், புள்ள பாய் விரிச்சுப் படுத்திரிக்கி. பெரியாஸ்பத்திரில போய் எழுப்புவம்" என்றேன்.

அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுத்தேன். அது வேறொரு நோயாளியோடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பிரசவ வாட்டுக்கு எடுத்து, குறுக்குப் பிள்ளை ஒன்றோடு வருகிறேன், ஆயத்தமாக இருங்கள் என்றேன். எதில் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குச் சைக்கிளை மிதித்தேன். ஊரில் டீசல் இருந்த ஒரே இடம் அதுதான்.

மாதா ஏற்கனவே பெட்டியில் ஏறி, கயிற்றால் கட்டப்பட்டு, தலைக்கு மேல் பந்தலும் சுற்றிவரச் சரிகைத் திரையுமாகத் தயாராக நின்றார்.

"மூப்பர், டீசல் வேணும்."

"அது மாதாட டீசல்."

"தெரியும். அதான் கேக்கிறன்."

"ஊர் கூடி வச்ச நேர்த்தி மிஸி. அதத் தூக்கிக் குடுக்க நான் ஆரு?"

"மாதாவுக்கு எதுக்கு மூப்பர் டீசல்? அவ நிறமாசத்தோட கழுதையில போனவ."

பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூப்பர் அசையவில்லை. "அவ கழுதையில போய்க் கஷ்டப்பட்டதாலதான் மிஸி நாங்க மெசின் குடுக்கிறம்" என்றார்.

நல்ல பதில்தான். வேறு நாளென்றால் ஒத்துக்கொண்டிருப்பேன். "வசந்திக்கு வலி துவங்கிற்று. புள்ள குறுக்கால கிடக்கு. இப்ப போகாட்டி ரெண்டு உசிரும் இல்ல" என்றேன்.

மூப்பர் சுருவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஃபாதர் வந்து செபிக்காம மாதாவக் கீழ இறக்க ஏலா" என்றார். ஃபாதரோ டவுனிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவருடைய தொலைபேசி மின்வெட்டில் செத்துக் கிடந்தது.

"இறக்க வேணாம். அவவும் வரட்டும்" என்றேன்.

பூக்கட்டிய பெண்கள் ஓடிப்போய் வசந்தியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முழந்தாளிடும் மெத்தைகளை அடுக்கி, மாதாவின் காலடியில் வசந்தியை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தேன். மாமி தலைமாட்டில், மூப்பர் சுருவத்தின் பக்கத்தில். பவனிக்கு எப்போதும் மெசின் ஓட்டும் அந்தோனி கிளப்பினான். கிளம்பியதும் பெட்டியில் கட்டியிருந்த ஒலிபெருக்கி மாதா பாடலைத் தொடங்கியது. அதை நிறுத்தத் தெரிந்தவன் சாப்பிடப் போயிருந்தான். மின்சாரம் வேண்டாத, பட்டறியில் ஓடும் சாமான், ஓடிக்கொண்டே இருந்தது.

ஊர் எல்லை தாண்டியும் மெசின் ஊர்ந்தது. எட்டிப் பார்த்தால் பின்னால் ஊர்ச்சனம் செபமாலை சொல்லிக்கொண்டு ஆறுதலாக நடந்து வருகிறது. ஒரு கிழவர் எங்களை முந்தியே போய்விட்டார்.

"அந்தோனி! என்னடா இது? ஓட்டன்!"

"மாதாவ ஏத்தினா நடை வேகம்தான் மிஸி. அப்பாட காலத்திலயிரிந்து அப்பிடித்தான்."

"வசந்தியையும் ஏத்தியிரிக்கிடா!"

"எனக்கு விளங்குது மிஸி. கால் கேக்குதில்ல."

உண்மையாகவே அவன் கால் அழுத்த மறுத்தது. எத்தனையோ திருநாளில் மாதா விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து ஓட்டிய கால். நான் குடையால் அவன் முதுகில் போட்டேன். சிரிப்பில் அடி சரியாக விழவில்லை. வசந்தி ஒரு பெரிய வலியில், "பிள்ளையாரே, மாதாவே, ஆராச்சும் ஓட்டுங்களன்!" என்று கத்தினாள்.

மூப்பர் எழுந்தார். பெரிய வெள்ளி முகத்தோடு மாதாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். "அந்தோனி, மாதா விழமாட்டா. நான் பிடிச்சிரிக்கன். அமத்து!" என்றார்.

அந்தோனி அமத்தினான். மெசின் பறந்த பறப்பில் பந்தலின் காகிதப் பூவெல்லாம் வட்டைக்குள் போயிற்று. செங்கலடியில் திரும்பிப் பெரிய வீதியில் ஏறினோம். கோயில் ஊர்வலமொன்று இந்த வேகத்தில் போவதைக் கண்டிராத சனம் வாயைத் திறந்தபடி கும்பிட்டது. ஒருவர் தேங்காய் உடைக்க ஓங்கினார். அவர் உடைக்குமுன் நாங்கள் போய்விட்டோம்.

ஏறாவூரில் எண்ணெய் வரிசை வீதியை அடைத்துக் கிடந்தது. பாட்டைக் கேட்டுத் திரும்பிய யோகன், மாதாவின் காலடியில் தன் பெண்சாதி கிடப்பதைக் கண்டு மோட்டார் சைக்கிளோடு உறைந்து நின்றான். அவனுக்கு முன்னால் மிச்சம் இருந்தது நாலைந்து பேர்தான். நாட்கணக்காக நின்று பிடித்த இடம். பெற்றோல் மணம் மூக்கில் அடிக்கிற தூரம். அவனுக்குப் பின்னால் நின்ற வயதான ஹாஜியார் ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவன் கையிலிருந்த சாவியைப் பறித்தார்.

"நீ ஏறு மனே. ஒன்ட பைக்க நான் தள்ளிக்கிட்டுப் போறன். அல்லாஹ்ட காவல்ல போங்க!" பிறகு வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "வாகனத்த ஒதுக்குங்கடா! புள்ளப் பேறு!"

இயந்திரம் ஓடாத வாகனங்களை மனிதர்கள் தோள் கொடுத்துத் தள்ளி வழிவிட்டார்கள். யோகன் தாவி ஏறினான்.

தன்னாமுனைக்குக் கிட்ட வரும்போது வசந்தியின் பன்னீர்க்குடம் உடைந்தது. கையுறையை மாட்டிப் பார்த்தேன். பிள்ளைக்கு முன்னால் கொப்பூழ்க்கொடி நழுவி வந்திருந்தது. பிள்ளையின் தோள் கொடியை நெரித்தால் உள்ளேயே மூச்சு முடிந்துவிடும். வசந்தியை முழங்காலில் குனிய வைத்து, நெஞ்சை மெத்தையில் படுக்க வைத்தேன். இரண்டு விரலால் தோளை மேலே தள்ளிப் பிடித்தேன். கொடி என் விரலோரம் துடித்தது. கையை எடுத்தால் அந்தத் துடிப்பு நின்றுவிடும். இடது கையால் குருசு போட்டேன், வலது கைக்கு வேலை இருந்தது.

அந்த நேரம் பார்த்து மெசின் நின்றது.

என் சொந்த ஊர். பாட்டு தூரத்தில் கேட்டதுமே சனம் மெழுகுதிரியோடு வீதிக்கு இறங்கி, நடு ரோட்டில் முழந்தாளிட்டிருந்தது. இந்தக் கெட்ட காலத்தைத் தீர்க்க மாதா தானே புறப்பட்டு வந்துவிட்டார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். சனம் முழந்தாளிட்டால் மெசின் நிற்க வேண்டும், அதுவும் பழக்கம். சரிகைத் திரைக்குள்ளே குனிந்து கிடந்த வசந்தியைப் பார்த்து என் மச்சாள், "என்ன பக்தி பாருங்க கா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் என்னைக் கண்டாள். "பிலோமினா! நீ எப்ப கா மாதாவோட வந்த?"

எனக்குச் சிரிப்பில் குரல் வரவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது, விரலடியில் கொடியின் துடிப்பு மெதுவாகிறது. "மூப்பர்!" என்று மட்டும் சொன்னேன்.

மூப்பர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கையால் மாதாவை அணைத்தபடி மறுகையால் ஒலிவாங்கியை எடுத்தார். பவனியில் ஓர் ஒழுங்கு பிசகினாலும் ஊரைக் கூட்டிச் சண்டை போடும் மனிதன் அவர். தன்னாமுனை முழுக்கக் கேட்கக் கத்தினார்:

"எழும்புங்க! மாதா இண்டைக்கு ஆசீர்வாதம் குடுக்க வரல்ல! புள்ளப் பேறு பாக்கப் போறா! விலகுங்க!"

சனம் எழும்பியது. விலகியதோடு நிற்கவில்லை. இளந்தாரிகள் சைக்கிள்களில் ஏறி முன்னால் பறந்து, "விலகு, விலகு" என்று வாவிக்கரை நெடுகக் கத்திக்கொண்டு போனார்கள். அந்தோனியின் கால் அன்று இரண்டாம் தரம் பழக்கத்தை மறந்தது.

ஆஸ்பத்திரியில் என்னையும் வசந்தியையும் ஒன்றாகவே தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். என் கை எடுக்க முடியாத இடத்தில் இருந்ததால் வேறு வழியில்லை. ஒப்பரேசன் மேசைவரை அப்படியே போனேன், பச்சைத் துணிக்குக் கீழே குந்திக்கொண்டு. மேலே வெட்டுகிறார்கள், கீழே நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சட்டென்று என் விரலிலிருந்த பாரம் மேலே போயிற்று. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளியில் நான் அவரோடு பேசியதை இங்கே எழுத மாட்டேன், அதில் கொஞ்சம் ஏச்சும் இருந்தது. பிறகு பிள்ளை கத்தியது, ஓட்டைக் குடத்தைத் தட்டியமாதிரி ஒரு கத்தல்.

"பொம்பிளப் புள்ள. தாய்க்கும் பிழையில்ல. மிஸி, இனிக் கைய எடுக்கலாம்" என்றார் டொக்டர்.

விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. விரிக்க முடியவில்லை. பயம் போனதும் எனக்கு அழுகை வந்தது. எனக்கு எல்லாமே தலைகீழ்தான். குந்தின இடத்திலேயே இருந்து விக்கி விக்கி அழுதேன். என் மனிசன் போனதற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

வாசலுக்கு வந்தேன். ஒலிபெருக்கி ஒருவழியாகச் செத்திருந்தது. தாங்கியில் ஒரு சொட்டு டீசல் இல்லை என்று அந்தோனி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பெட்டியின்மேல் மூப்பர் இன்னும் மாதாவைக் கட்டிப் பிடித்தபடியே நின்றார்.

"ரெண்டு உசிரும்?" என்றார்.

"ரெண்டும், மூப்பர்."

"அப்ப நான் கைய விடட்டா?"

"விடுங்க."

அவர் கையை விட்டார். யோகன் வந்து அவர் காலில் விழுந்தான். மூப்பருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

மறுநாள் ஹாஜியார் யோகனின் மோட்டார் சைக்கிளோடு எங்கிருந்தோ ஒரு கான் டீசலையும் தேடிக் கொண்டுவரும்வரை மாதா அந்த வாசலில்தான் இருந்தார். வாட்டிலிருந்து வந்த நோயாளிகள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் நின்று போனார்கள். வாசல் காவலாளி, வாகனம் நிறுத்தக் கூடாது என்று சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்து இரண்டு தரமும் மூடிக்கொண்டார்.

திருநாளன்று பின்னேரமே ஃபாதர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டார். டவுனிலிருந்து எங்கள் ஊர்வரை மிதித்திருக்கிறார். அங்கே மாதாவும் இல்லை, மூப்பரும் இல்லை. கோயில் வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்ததாம். விசாரித்துக்கொண்டு அத்தனை தூரமும் திரும்பி மிதித்து வந்து, அங்கி நனைந்து, சைக்கிளைச் சாய்க்கக்கூடத் தெம்பில்லாமல் மூப்பரிடம் கேட்டார்: "திருநாளும் அதுவுமா மாதாவக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசல்ல வச்சிரிக்கீங்களே, எப்ப ஊருக்குக் கொண்டுபோறது?"

மூப்பர் வாட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் முதல்தரமாக, முகம் முழுக்கச் சிரித்தார்.

"அவசரப்படாதீங்க ஃபாதர். தாயையும் புள்ளையையும் இன்னும் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்ட விடல்ல. கூட வந்தவ மட்டும் எப்பிடிப் போவா?"